எழுத்து கலைக்கிறவரின் நேர்ச்சை

லூர்துராஜ் கோணி ஊசியால் தன் வாயைத் தானே தைத்துக்கொண்டார் என்றுதான் எனக்கு முதலில் செய்தி வந்தது. சொன்னது கும்பகோணத்தில் டீச்சராக இருக்கும் என் அக்கா பூர்ணிமா. அவளுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு விஜயலட்சுமி. விஜயலட்சுமிக்குச் சொன்னது திருப்பனந்தாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த யாரோ ஒரு அம்மாள். மூன்று தையல், சணல் நூல், சட்டை முழுக்க ரத்தம் என்று விவரம் வேறு. பஸ் கும்பகோணம் வந்து சேர்வதற்குள் மூன்று தையல் ஐந்தாகாமல் இருந்ததே பெரிசு.

மெல்பர்னில் நான் வேலை செய்யும் காப்பீட்டு அலுவலகத்தின் படிக்கட்டில் நின்று இதைக் கேட்டேன். கேட்டவுடன் நம்பிவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் அக்கா யார் யாரையோ பிடித்து விசாரித்துச் சொன்னாள்: ஊசியும் இல்லை, நூலும் இல்லை. மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். மகள் அனிட்டாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. எடை ஒரு கிலோ ஐம்பது கிராம். அது பிழைத்து அந்தப் பெட்டியை விட்டு வெளியே வரும்வரை வாய் திறப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறார்.

"அவ்வளவுதான்டா, பயப்படாதே" என்றாள் அக்கா.

எனக்கு அது அவ்வளவுதான் இல்லை. பேசக்கூடாத நேரத்தில் அவர் பேசிய பேச்சை அவர் வாயிலிருந்து பிடுங்கியவன் நான். அதைச் சொல்வதற்கு முன்னால் அவரைச் சொல்ல வேண்டும்.

லூர்துராஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருப்பனந்தாளிலிருந்து மண்ணியாற்றைத் தாண்டி வந்தால் எங்கள் ஊர். அறுவடை சமயத்தில் அங்கே திறக்கும் நெல் கொள்முதல் நிலையத்தில் அவர் பட்டியல் எழுதுவார். எந்த விவசாயி, எத்தனை மூட்டை, ஈரப்பதம் எவ்வளவு என்று குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, கார்பன் தாளைத் தட்டிச் சரிசெய்து, நகலைக் கிழித்துத் தருவார். மற்ற மாதங்களில் ஒரு உரக்கடையில் உட்காருவார். முப்பது வருஷமாக இதுதான்.

பதினாலு வயதில், சர்ச்சில் சாமியாராகப் போவதற்கென்று இளங்குருமடத்தில் சேர்ந்தவர். இரண்டு வருஷத்தில் அப்பா இறந்துபோனதால் படிப்பை விட்டுவிட்டு வந்தார். வரும்போது அங்கே கழித்துப் போட்டிருந்த ஒரு ஆங்கில அகராதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல தடிமன். ஆனால் எஸ் எழுத்தோடு முடிந்துவிடும். மீதியைக் கரையான் தின்றிருந்தது.

அதை அவர் படித்த விதம் தனி. ஒரு சொல்லை எடுப்பார். அதன் எழுத்துகளைப் பிரித்து ஏ, பி, சி வரிசைப்படி அடுக்குவார். அந்த அடுக்கை நோட்டில் தலைப்பாகப் போட்டு, கீழே சொல்லையும் அர்த்தத்தையும் எழுதுவார். பிறகு எப்போதாவது அதே அடுக்கில் விழுகிற இன்னொரு சொல் அகப்பட்டால் அதுவும் அதே பக்கத்துக்கு வந்து சேரும். இப்படிப் பதினேழு நோட்டு. 'ஏக்கர்ஸ்' இருந்த பக்கத்தில் அதே ஐந்து எழுத்தில் 'கேர்ஸ்' இருந்தது, கவலைகள். 'ஸ்கேர்' இருந்தது, பயமுறுத்துவது. 'செராக்' இருந்தது, பனிமலைச் சரிவில் பிளந்து நிற்கும் பனிக்கட்டித் தூண். 'கார்ஸ்' என்று ஒன்று, ஆற்றோரத்து வண்டல் நிலம். நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக்கிடக்கும் விவசாயிகளுக்கு அவர் இதைச் சொல்வார். ஏக்கரும் கவலையும் பயமும் ஒரே சாமானில் செய்ததுதான், வெள்ளைக்காரன் கலைத்துக் கலைத்துப் போட்டிருக்கிறான் என்பார். அவர்கள் சிரிப்பார்கள். ஊரில் இதற்குப் பெயரே "கலைச்சுப் போடுறது" என்றாகிவிட்டது, சீட்டு கலைக்கிற மாதிரி.

கல்யாண வீடுகளில் அவரை மேடையேற்றி மைக்கைக் கொடுப்பார்கள். கூட்டத்திலிருந்து எழுத்துகளைக் கத்துவார்கள். அவர் கண்ணை மூடி அரை நிமிஷம் நிற்பார், அப்புறம் கொட்டும். ரெட்டினாஸ், கண்ணுக்குள் இருக்கும் திரைகள். ஸ்டியரின், மெழுகுவர்த்தி செய்கிற கொழுப்பு. ரெட்சினா, பிசின் வாசனை ஏற்றிய கிரேக்க நாட்டு ஒயின். எல்லாம் ஒரே ஏழு எழுத்து. ஒருமுறை பையன்கள் சேர்ந்துகொண்டு ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கத்தினார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது, காது சிவந்தது. ஆனாலும் அதே எழுத்துகளில் இருந்த யோக்கியமான சொல் ஒன்றைச் சொல்லி, அதன் அர்த்தத்தையும் சொல்லி, மைக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கூட்டம் அதற்கும் சிரித்தது. அவர் மனைவி ஃபிளோரா பந்தியில் பாதி இலையில் எழுந்து போய்விட்டார்.

எனக்கு அவர் பழக்கமானது திருச்சியில் பி.எஸ்ஸி. படித்தபோது. அதுவரை தமிழில் படித்துவிட்டுத் திடீரென்று எல்லாம் ஆங்கிலம் ஆகி நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வருஷம். அவருக்கு எஸ்ஸுக்கு அடுத்த டி எழுத்து முதல் இசட் வரை அகராதி கிடையாது. ஆனால் எழுத்துகளைக் கலைக்கும்போது அந்தப் பக்கத்துச் சொற்கள் இருக்கலாம் என்று தோன்றும். தோன்றியதை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் தருவார். கல்லூரி நூலகத்தில் பார்த்து, இருக்கிறதா, இருந்தால் அர்த்தம் என்ன என்று நான் எழுதி வர வேண்டும். ஒருமுறை எனக்குச் சோம்பலாக இருந்தது. மூஞ்சூறுக்கான 'ஷ்ரூ'வைக் கலைத்து 'வெர்ஷ்' என்று ஒன்றை எழுதித் தந்திருந்தார். இருக்கிறது, வாய்க்கால் மதகு என்று அர்த்தம் என வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து யாரோ ஒரு பாதிரியாரிடம் முழு அகராதி பார்த்திருக்கிறார். உப்பு உறைப்பு இல்லாத சாப்பாடு என்று இருந்திருக்கிறது. மறுநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபமே இல்லை. அந்த நோட்டை முழுவதும் வேறு நோட்டில் திரும்ப எழுதிவிட்டதாகச் சொன்னார். அடித்துத் திருத்தினால் போதாதா என்று கேட்டேன்.

"சொல்லைக் கண்டுபிடிக்கிறது சீட்டாட்டம் தம்பி. அர்த்தம் அப்படி இல்ல. தப்பான அர்த்தம் ஒண்ணு உள்ள கிடந்தா பக்கத்துல இருக்கறதும் அழுகிடும்."

நான் வெளிநாடு போன பிறகும் பேச்சு நிற்கவில்லை. மெல்பர்னில் ஒரு பத்திரிகையில் தினம் ஒன்பது எழுத்துகள் கொடுத்துச் சொற்கள் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அலுவலகத்தில் எல்லோரும் தேநீர் வேளையில் அதற்கு முன்னால் கூடுவார்கள். நான் காலையிலேயே படிக்கட்டுக்குப் போய் லூர்துராஜைக் கூப்பிட்டு எழுத்துகளைச் சொல்லிவிடுவேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது, ஆனாலும் அவர் ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கூப்பிடுவார். பன்னிரண்டு வருஷமாக அந்த மாடியில் நான் பெரிய அறிவாளி. இந்தியாவில் ஒருவர் சொல்லித் தருகிறார் என்று ஒருநாளும் ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை.

போன வருஷம் செப்டம்பரில் அது நின்றது.

அனிட்டா அவருக்கு ஒரே பெண். நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார், மருமகன் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. இரண்டு முறை கர்ப்பம் தரித்து, இரண்டுமே ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் லூர்துராஜும் ஃபிளோராவும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனார்கள். குழந்தை பிறந்து தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழும்வரை கறி மீன் தொடுவதில்லை என்று லூர்துராஜ் நேர்ச்சை வைக்கப் போனார். ஃபிளோரா விடவில்லை.

"கறி மீனை விட்டா உங்களுக்கு என்ன வலிக்கப்போகுது? எது போனா வலிக்குமோ அதை வைங்க."

வைத்தார். குழந்தைக்குத் தண்ணீர் விழும்வரை எழுத்து கலைப்பதில்லை. வாயாலும் இல்லை, கையாலும் இல்லை. ஒரு சொல், ஒரு அர்த்தம் சொல்வதில்லை. பதினேழு நோட்டும் சாக்கில் கட்டி பீரோவுக்கு மேலே போனது.

இதை அவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது நாளைக் காலை ஒன்பது எழுத்துக்கு என்ன செய்வது என்பதுதான். வாயால் வேண்டாம், நான் சொல்லச் சொல்ல ம் கொட்டினால் போதும் என்றுகூடக் கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மனசுக்குள்ளே அது தானாகக் கலைந்துகொண்டே இருக்கிறது, பஸ் போர்டு, சோப்பு உறை, எதைப் பார்த்தாலும் கலைகிறது, அதனால் பட்டியல் எழுதும் நேரம் தவிரக் கண்ணாடி போடுவதில்லை என்றார். நவம்பரில் பேசியபோது, குழந்தை தங்குவதற்காக அனிட்டாவுக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள், மகள் தங்கள் வீட்டுக்கே வந்து படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்றார். அதைச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டார், ஆண்கள் பேசக்கூடாத விஷயத்தை ஆணிடம் பேசுகிற மாதிரி. தையலைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

தையில் நான் ஊருக்கு வந்தேன். அப்பாவுக்குக் கால் முடியவில்லை. சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டியிருந்தது. ஊரே ஒரே வாரத்தில் அறுத்துக் கொண்டுவந்து கொட்டியதால் எங்கள் முறை வர ஒன்பது நாள். தார்ப்பாயைப் போட்டு மூடி, நெல் அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே பகலெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். மழை வரும் வரும் என்று செல்போன் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவர் ஜோசப்ராஜ். ஃபிளோராவின் தம்பி, அனிட்டாவுக்குத் தாய்மாமன். முதல் மூன்று நாள் அவருக்கும் ஆட்களுக்கும் நான்தான் தீனி. தூசிக்காக நான் முகக்கவசம் போட்டிருந்தேன். "மாஸ்க்க கழட்டி நெல்லுக்குப் போடுங்க தம்பி, ராத்திரியெல்லாம் அதுதான் இருமுச்சு" என்றார் ஜோசப்ராஜ். நான் தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவருவது, உட்காரும் இடத்தைத் துடைப்பது, அப்பா பெயரைக் கேட்டால் இனிஷியலோடு சொல்வது, எல்லாம் சிரிப்பு. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தினமும் காலையில் களத்துக்குக் கிளம்புவதை அரை மணி நேரமாவது தள்ளிப்போட்டேன்.

நாலாவது நாள் அவர்கள் லூர்துராஜ் பக்கம் திரும்பினார்கள். எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மச்சான் வாயிலிருந்து ஒரு சொல்லோ அர்த்தமோ வரவழைப்பவருக்கு ஆட்டுக்கறி விருந்து என்று பந்தயம். சுண்ணாம்பைக் குழைத்து மூட்டைக்கு ஒன்றாகப் பெரிசு பெரிசாக ஆங்கில எழுத்துகளை எழுதி, பட்டியல் மேஜைக்கு எதிரே வரிசையாக அடுக்கினார்கள். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவர்கள் மூட்டைகளைத் தூக்கி அந்தப் பக்கம் அடுக்கினார்கள். நாற்பது கிலோ மூட்டை ஒவ்வொன்றும். கூலி இல்லாமல் தூக்கினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணாடி இல்லாம பட்டியல் எழுதுனா ஈரப்பதம் எழுபது போட்டுருவீங்க மச்சான்" என்று ஜோசப்ராஜ் எடுத்து மாட்டிவிட்டார். சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளும் அம்சம் என்கிற அம்மாள் மட்டும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளைத்தாச்சிப் பொண்ணு விஷயத்தில் விளையாடாதீர்கள் என்று சத்தம் போட்டார். ஏழு மாசம் தாங்கியவள் இனிமேலா விடப்போகிறாள் என்றார் தாய்மாமன். அவர் மனசில் கெடுதல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இப்போது சௌகரியமாக இருக்கும்.

மூன்று நாள் அவர் அசையவில்லை. குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார். ஆட்களுக்கு அலுத்துப்போனது. ஏழாம் நாள் ஜோசப்ராஜ் திரும்ப என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அப்போதுதான் நான் சொன்னேன், எழுத்தைக் காட்டினால் அவர் பேச மாட்டார், அர்த்தத்தைத் தப்பாகச் சொன்னால் பேசுவார் என்று. ஜோசப்ராஜ் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கைபோட்டார். வந்து ஏழு நாளில் முதல்முறையாக ஒருத்தர் என் தோளில் கைபோட்டார்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஐந்து மூட்டை, என், ஓ, டி, ஈ, எஸ். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். நோட்ஸ். ஸ்டோன், கல். டோன்ஸ். ஸ்டெனோ, சுருக்கெழுத்து எழுதுகிற ஆள். ஆன்செட், ஆரம்பம். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். அப்புறம் சீட்டன் என்று ஒன்று இருக்கிறது என்றேன். பேனா நின்றது.

பேசி வைத்தபடி ஜோசப்ராஜ் கேட்டார். "அப்படின்னா என்ன தம்பி?"

"ஆஸ்பத்திரி வார்த்தை. உள்ள போட்ட தையலைப் பிரிச்சு விடுறதுக்குப் பேரு சீட்டன்."

லூர்துராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது அவருக்கு வெறும் தப்பான அர்த்தம் மட்டும் இல்லை. வீட்டில் மகள் தையலோடு படுத்திருக்கும்போது, காதில் விழுந்த அபசகுனம். மறுக்காமல் விட்டால் அது பலித்துவிடும். மறுத்தால் நேர்ச்சை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்த எனக்கு ஐந்து மூட்டை போதுமாக இருந்தது.

அவர் முதலில் கையை ஆட்டினார், இல்லை இல்லை என்று. நான் புரியாத மாதிரி நின்றேன். "தையலைப் பிரிக்கிறதா, சரிதான்" என்று ஜோசப்ராஜ் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அவர் மனசில் அனிட்டாவின் தையல் வரவே இல்லை. பொம்பளை விஷயம், அவருக்கு அந்தத் தையல் பற்றி யாரும் சொல்லவும் இல்லை. பின்னால் இருந்த ஆட்களும் திருப்பிச் சொன்னார்கள். லூர்துராஜின் உதடு அசைந்து அசைந்து நின்றது.

"அது பிரிக்கிறது இல்ல தம்பி. அது நூல். காயம் மூடிடக்கூடாது, கெட்டதெல்லாம் வடியணும்னு உள்ள விட்டு வைக்கிற நூல். பிரிக்கிறது இல்ல. பிரிக்கிறதே இல்ல."

விசில் பறந்தது. மச்சான் அவுட்டு, மச்சான் அவுட்டு என்று மூட்டையைத் தட்டினார்கள். ஜோசப்ராஜ் அவரைக் கட்டிப்பிடித்து, விருந்தில் முதல் இலை மச்சானுக்கு என்றார். லூர்துராஜ் பேனாவை மூடவில்லை. பாதியில் நின்ற பட்டியலை எழுதி முடித்து, கார்பனை எடுத்து, நகலைக் கிழித்து உரியவரிடம் கொடுத்தார். அப்புறம் கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அது நூலுன்னு உங்களுக்குத் தெரியும்ல தம்பி?"

"தெரியாதுண்ணே. ஏதோ தப்பா ஞாபகம் வச்சிட்டேன்."

அவர் தலையாட்டினார். தெரியாத ஒருவனைத் திருத்தப்போய்த் தன் வாய்க்கொழுப்பால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கைக் கெடுத்துக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அதை அப்படியே விட்டுவிட்டு நான் நெல்லுக்குத் தார்ப்பாய் இழுக்கப் போனேன். பந்தயக் கறியில் எனக்கும் ஒரு தூக்குச்சட்டி வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அனிட்டாவுக்கு வலி கண்டுவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் ஜோசப்ராஜ் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. வலி நிற்கவில்லை, வேறு வழியில்லாமல் தையலைப் பிரித்துவிட்டார்கள், குழந்தை பிறந்துவிட்டது, பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு, பெட்ரோல் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டார், அன்றைக்கு நான் சொன்ன அந்த வார்த்தை என்ன, அதற்கு என்ன அர்த்தம் சொன்னேன் என்று. மறந்துவிட்டது என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு நாள் கழித்து எனக்கு விமானம். திருச்சிக்குப் போகும் கார் தஞ்சாவூரில் அந்த ஆஸ்பத்திரித் தெருவைக் கடந்து போனது. டீ குடிக்கலாமா என்று டிரைவர் ஃபஹத் கேட்டார். நேரமாகிவிடும் என்றேன். அவருக்குத் தெரியும், விமானத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்தது.

மீதி எல்லாம் நான் இங்கே உட்கார்ந்து கேட்டதுதான். வாய் திறந்து பேசியதுதான் குற்றம், அதனால் இனி வாயே திறப்பதில்லை என்று அவர் முடிவுசெய்துவிட்டார். பங்குச்சாமியார் ஆஸ்பத்திரிக்கே போய், மாதா இப்படியெல்லாம் கணக்குப் பார்க்க மாட்டாள், நேர்ச்சையிலிருந்து உங்களை விடுவிக்கிறேன், பேசுங்கள் என்று சொன்னாராம். லூர்துராஜ் அவர் கையை முத்தமிட்டுவிட்டுச் சும்மா இருந்தாராம். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரி நடையில் எங்கு பார்த்தாலும் ஆங்கிலப் பலகைகள். அவர் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அனிட்டா சக்கர நாற்காலியில் வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள், "நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்குப்பா, என் பேரையாவது சொல்லுங்கப்பா" என்று. அவர் அவள் தலையைத் தடவியிருக்கிறார். பேசவில்லை. அப்புறம் அவள் கோபத்தில், ரெண்டு பிள்ளை போனபோது நீங்கள் கல்யாண வீட்டில் மைக் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அப்போதும் அவர் பேசவில்லை.

நான் தினமும் அவரைக் கூப்பிட்டேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அது நூல் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன், தையலை நினைத்துக்கொண்டுதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். பாவம் என்று ஒன்று இருந்தால் அது என் பெயரில் எழுத வேண்டியது. இதை மெசேஜில் எழுதலாம். எழுதி எழுதி அழித்தேன். எழுதினால் அது இருந்துவிடும்; ஜோசப்ராஜ் படிப்பார், ஃபிளோரா படிக்கச் சொல்லிக் கேட்பார். வாயால் சொன்னால் அவர் காதோடு போகும். இப்படியெல்லாம் யோசிக்கிறவன்தான் நான்.

ஒருநாள் ஃபிளோரா எடுத்தார்.

"அவரு எடுக்க மாட்டாரு தம்பி. எதுக்கு காசைக் கரியாக்குறீங்க."

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கெடக்கு." ஏதோ பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார். "முப்பத்திரண்டு வருஷமா அவரு சொன்ன இங்கிலீஷு ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சதில்ல தம்பி. புரியாத ஒரு வார்த்தைக்கு என் பேத்தியக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு. அவரு மூஞ்சில முழிக்கவே எனக்குப் புடிக்கல. சோறு மட்டும் வைக்கிறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தவன் நான்தான் என்று ஆறு சொல்லில் முடிகிற விஷயம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குழந்தையின் எடை முதலில் குறைந்தது, அப்புறம் கூடியது. பத்தாம் நாள் ஒரு கிலோ எண்பது. பதினாறாம் நாள் ஒரு கிலோ நூற்றுநாற்பது. பதினேழாம் நாள் கிருமித்தொற்று என்றார்கள். மூச்சுக்கு மறுபடியும் குழாய். நேற்று அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று பத்தொன்பதாம் நாள். இங்கே மத்தியானம் இரண்டரை, அங்கே காலை ஒன்பது. ஜோசப்ராஜிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. ஐந்து விநாடி.

"தம்பி, மச்சான் பேசிட்டாரு."

அவ்வளவுதான். பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல். ஒரு பெண் குரல் உயர்ந்து வெட்டுப்படுகிறது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பதினைந்து முறையாவது போட்டுக் கேட்டிருப்பேன். காதில் அழுத்தி வைத்துக் கேட்டேன், ஒலியைக் கூட்டிக் கேட்டேன். ஜோசப்ராஜின் குரலிலிருந்தும் ஒன்றும் எடுக்க முடியவில்லை. மூட்டை எண்ணுகிற குரல் அவருக்கு எப்போதும். குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்தால் பேசுவதாகச் சொன்னவர். குழந்தையே இல்லையென்றாலும் பேசாமல் இருக்கக் காரணம் இல்லாதவர். இரண்டில் ஒன்றுக்காக அவர் இன்றைக்கு வாய் திறந்திருக்கிறார்.

ஜோசப்ராஜைக் கூப்பிட்டேன். தொலைபேசி அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. அக்கா எடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஃபிளோராவிடம் தனியாகத் தொலைபேசி கிடையாது. அப்படியென்றால் ஒரே ஒரு எண்தான்.

அலுவலகப் படிக்கட்டில் நின்று லூர்துராஜின் எண்ணை அழுத்தினேன். எடுத்தால் முதலில் குழந்தையைக் கேட்க வேண்டும். இல்லை, அதைக் கேட்டுப் பதில் வந்துவிட்டால் பிறகு என்னால் மற்றதைச் சொல்ல முடியாமல் போகும். ஆகவே முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் எடுத்தவுடன் ஒரு மனிதரிடம், அவர் வீட்டில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்காமல், என்னைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதா? நான் இன்னும் முடிவுசெய்யவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கையை உயர்த்தி, கூட்டம் தொடங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன்.

திரையில் மணி அடிப்பதாகக் காட்டுகிறது. தொலைபேசி அணைக்கப்படவில்லை, அவர் பக்கத்தில்தான் எங்கேயோ அது அடித்துக்கொண்டிருக்கிறது. தானாக அறுந்தது. மறுபடி அழுத்தினேன். அடிக்கிறது.